மெஷின் வாடகைக்கு, ஆபத்து யார் கணக்கில்?

பழைய மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட வேண்டும். குளியலறைச் சுவரைக் கொத்திப் பைப் லைன் மாற்ற வேண்டும். ஏசி குழாய் போக கான்கிரீட் பீமுக்குப் பக்கத்தில் ஓட்டை போட வேண்டும். முன்னறைச் சுவரை இடித்துக் கடைக்கு ஷட்டர் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் நாள் தவறாமல் நடக்கும் இந்தச் சில்லறை வேலைகளில் எதுவுமே இன்று வெறும் சுத்தியலும் உளியுமாக நடப்பதில்லை. பிரேக்கர் வருகிறது, கட்டிங் மெஷின் வருகிறது, ஹேமர் டிரில் வருகிறது. சின்ன மெஷின்கள் மேஸ்திரியின் பையிலேயே இருக்கும். பெரியவை பக்கத்துத் தெரு வாடகைக் கடையிலிருந்து வரும். வாசலில் சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் அடுக்கி, ஓரமாக மிக்ஸரைச் சங்கிலி போட்டு நிறுத்தி, உள்ளே இரும்பு ரேக்கில் சிமென்ட் தூசி படிந்த மெஷின்களை வரிசையாக வைத்திருக்கும் கடை அது. ஆதார் நகல், கொஞ்சம் அட்வான்ஸ், நோட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கான்கிரீட்டைப் பிளக்கும் 1,750 வாட் மெஷின் ஒன்று டூவீலரின் கால் வைக்கும் இடத்தில் ஏறிக் கிளம்பிவிடும்.

இந்தக் கடையைப் பற்றி நமக்கு ஒரு எண்ணமும் இருப்பதில்லை. பந்தல் வாடகை, பாத்திர வாடகை, ஒரு காலத்தில் மணிக்கணக்கில் எடுத்த வாடகை சைக்கிள் என்ற வரிசையில் இதுவும் ஒன்று என்று கடந்துபோகிறோம். ஆனால் கட்டட வேலையின் ஆபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே யாராவது நினைத்தால், அவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் இந்தக் கடையின் கவுன்ட்டர்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு நாள், இரண்டு நாள் நடந்து முடியும் வேலைகளை எந்த ஆய்வாளராலும் தேடிப் பிடிக்க முடியாது. அந்த வேலைகளுக்குப் போகும் பெரிய மெஷின்களோ மாலையானால் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. சிதறிக் கிடக்கும் ஒரு தொழிலில் இப்படியொரு கூடுமிடம் அபூர்வம். அதைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பது மட்டுமல்ல, இன்று வாடகை வாங்கும் முறையே ஆபத்தைக் கூட்டும் விதத்தில் அமைந்திருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

வாடகை ஏன் என்ற கேள்வியை விரைவாகவே முடித்துவிடலாம், கணக்கு எளியது. ஒரு பெரிய பிரேக்கரின் விலை 60,000 ரூபாய், நாள் வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு நாள் மட்டும் அது தேவைப்படும் பிளம்பர் சொந்தமாக வாங்கினால், போட்ட பணத்தை எடுக்க இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் கார்பன் மாற்ற வேண்டும், கிரீஸ் வைக்க வேண்டும், ஒரு தடவையாவது ஆர்மெச்சூர் கருகும். மாதத்தில் 15 நாள் அதே மெஷினை வெளியே அனுப்பும் கடைக்காரருக்கு நான்கே மாதத்தில் முதல் திரும்பிவிடுகிறது. ஆகவே கனமான, எப்போதாவது தேவைப்படும் மெஷின் கடைக்காரரிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் லாபம். சின்ன டிரில்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2,500 ரூபாய் டிரில்லை நாளுக்கு 250 ரூபாய்க்கு எடுத்தால் பத்தே நாளில் அது சொந்தமாகியிருக்கும். சராசரி டிரில் தன் வாழ்நாளில் 12, 13 நிமிடங்களே ஓடுகிறது என்று பகிர்வுப் பொருளாதாரத்தை முன்வைத்த ரேச்சல் போட்ஸ்மன் 2010-ல் ஒரு மேடையில் சொன்னது உலகமெங்கும் எடுத்தாளப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலமாரியில் சும்மா கிடக்கும் மலிவான டிரில்லால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. வாடகையின் நியாயம் பெரிய மெஷினில்தான் இருக்கிறது, ஆபத்தும் பெருமளவு அங்கேதான்.

வாடகைத் தொழிலில் முன்னோடிகளான நாடுகளுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு, வாதத்தின் அச்சாணியே அதுதான். அமெரிக்காவில் வார இறுதியில் தன் வீட்டு வேலையைத் தானே செய்பவர் கடைக்குப் போய் மெஷின் எடுத்து வருவார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதலே புத்தகம் போல மெஷின்களையும் இரவல் கொடுக்கிறது. அங்கே எடுப்பவரும் பிடிப்பவரும் ஒருவரே, கை நடுங்கினால் நிறுத்திவிடுவார். இங்கே வீட்டுக்காரர் மெஷின் எடுக்கப் போவதில்லை, ஆள் கூப்பிடுகிறார். பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர், கடையில் கையெழுத்துப் போடுபவர் மேஸ்திரி, மெஷினைப் பிடிப்பவர் மூன்றாவது ஒருவர். அவர் பெரும்பாலும் இளைஞர், பல இடங்களில் ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்தவர். நான்காவதாக ஒருவரும் உண்டு. உடைந்த சிதிலத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு அதே தூசியில் நடமாடும் சித்தாள். வாடகை பேசும்போது இந்த இருவரும் கடையில் இல்லை. வேகமாக முடித்தால் கிடைக்கும் மிச்சம் முதல் இருவருக்கு, அந்த வேகத்தின் வலி கடைசி இருவருக்கு.

அந்த வலி எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பிரேக்கரின் அதிர்வு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் ஏறுகிறது. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து, காற்றழுத்தச் சுத்தியலின் அதிர்வே காரணம் என்று எழுதினார். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த நோய் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக்கினால் கைக்கு ஏறும் அதிர்வு விநாடியின் வர்க்கத்துக்கு 5 மீட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகோலின் சூட்சுமம் என்னவென்றால், அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதி நேரம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. 10 என்ற அளவில் அதிரும் மெஷினை இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் கைப்பிடி இல்லாத பழைய பிரேக்கர் 15 என்ற அளவில் அதிர்கிறது என்று வைத்தால், அனுமதி நேரம் 53 நிமிடம் மட்டுமே. அதிர்வு குறைத்து வடிவமைத்த மெஷின் 8 என்ற அளவில் இருந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். நம் ஊரில் ஒரே ஆள் காலையிலிருந்து மாலை வரை பிடிப்பது சாதாரணம்.

குளிர் நாட்டு நோயை வெயில் நாட்டில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி பாதி சரி. விரல் வெளுத்துப்போவது குளிரில்தான் பளிச்சென்று தெரியும். மலேசியக் கட்டடத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வில் விரல் வெளுப்பு காணப்படவில்லை, ஆனால் மரமரப்பும் கூச்சமும் இருந்தன. நரம்பு கெடுவதற்குக் குளிர் தேவையில்லை. வெளுப்பு தெரியாததால் இங்கே நோய் கண்ணுக்குப் படாமல் போகிறது, அவ்வளவே. சட்டைப் பொத்தானை மாட்ட முடியவில்லை, சோற்றைப் பிசையும்போது விரலுக்கு உணர்வில்லை என்று சில ஆண்டுகள் கழித்து ஒருவர் சொன்னால், அதை யார் பழைய பிரேக்கரோடு முடிச்சுப் போடப்போகிறார்கள்?

இந்த இடத்தில்தான் வாடகை முறை குறுக்கே வருகிறது. வாடகை நாள் கணக்கு. காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு நாள், மறுநாள் காலை வரை தள்ளிப்போனால் பல கடைகளில் இன்னொரு நாள். மேஸ்திரியோ வேலையை மொத்தமாகப் பேசி எடுத்திருப்பவர். இரண்டாம் நாள் வாடகை அவர் கையிலிருந்து போகும். ஆகவே ஒன்றரை நாளில் முடிய வேண்டிய உடைப்பு ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். ஆள் மாற்றிப் பிடிக்க இரண்டாவது ஆளுக்குக் கூலி வேண்டும், அதுவும் கிடையாது. ஓய்வு எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும் நிமிடம். மேஸ்திரி கல்நெஞ்சர் என்பதால் இப்படி நடக்கவில்லை. நாள் வாடகை என்ற ஏற்பாடு அவரை அந்தப் பக்கமாகவே தள்ளுகிறது. கடைக்காரருக்கும் இதில் லாபம் இல்லை. எட்டு மணி நேரம் விடாமல் அடித்த மெஷின் சூடேறி, ஆர்மெச்சூர் வார்னிஷ் கருகிய வாடையோடுதான் திரும்பி வரும்.

மாற்று வழியை எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. ஜேசிபி மணிக்கணக்கில்தான் ஓடுகிறது, டிராக்டர் உழவும் அப்படியே. மெஷினில் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்துப் பணம் கொடுப்பது நம் கிராமங்களுக்குப் பழகிப்போன விஷயம். கையில் பிடிக்கும் மெஷினுக்கும் இதைச் செய்ய முடியும். ஒயரின் நடுவே ஓடிய நேரத்தைக் கணக்கிடும் சிறு மீட்டரைப் பொருத்தி, மூன்று நாள் மெஷினை வைத்துக்கொண்டாலும் ஓடிய மணிக்கு மட்டும் பெரிய வாடகை, சும்மா இருந்த நாளுக்குச் சிறு வாடகை என்று பிரிக்கலாம். அப்போது ஓய்வுக்கு விலை குறைகிறது. மணிக்கணக்கு வந்தால் ஆளை இன்னும் விரட்டுவார்களே என்ற சந்தேகம் எழும். ஆனால் பிரேக்கர் தன் வேகத்தில்தான் அடிக்கும், விரட்டினால் கான்கிரீட் சீக்கிரம் உடைந்துவிடாது. இடைவேளை விடாமல் ஓட்டினால்தான் நாள் வாடகையில் மிச்சம், மணி வாடகையில் அந்த மிச்சம் இல்லை. மீட்டருக்குச் செலவு செய்ய மனமில்லாத கடைகள் அரை நாள் வாடகையையாவது கொண்டுவரலாம். இரண்டாம் நாளைப் பாதி விலைக்குத் தருவதும் ஒரு வழி. ரேக்கில் தூங்கும் மெஷினைப் பாதி விலைக்கு விடுவதில் கடைக்கு இழப்பு பெரிதாக இருக்காது.

தூசியின் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அது மெஷினைப் பிடித்தவரோடு நிற்பதில்லை. கான்கிரீட், செங்கல், கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. அதை வெட்டும்போது எழும் தூசியில் நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை, முகத்தில் கட்டிய கைக்குட்டை அவற்றை நிறுத்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கா 2016-ல் வகுத்த விதியில் எட்டு மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்பதே உச்சவரம்பு. அந்த விதியில் ஒரு நல்ல தந்திரம் உண்டு. சின்ன ஒப்பந்தக்காரர் காற்றை அளந்துகொண்டிருக்க மாட்டார் என்று தெரிந்தே, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். பிரேக்கரா, தண்ணீர் தெளிப்போ தூசி உறிஞ்சும் மூடியோ இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டரா, சுற்றிலும் மூடி வைத்து வேக்குவம் இணைக்க வேண்டும். அதன்படி செய்தால் அளவீடு தேவையில்லை. ஆக, விதி ஆளிடமிருந்து மெஷினுக்கு இடம் மாறியது. மெஷினோடு சேர்த்து மூடியையும் வேக்குவத்தையும் கொடுக்கக்கூடியவர் யார்? வாடகைக் கடைக்காரர்தான். பத்து மேஸ்திரிகள் ஆளுக்கொரு வேக்குவம் வாங்க மாட்டார்கள், ஒரு கடை இரண்டு வைத்திருந்தால் போதும்.

இனி ஏஜி ஃபோர். நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரை இந்தப் பெயரில்தான் கடையில் கேட்பார்கள். இது வாடகைக்கும் போகிறது, சொந்தமாகவும் வைத்திருக்கிறார்கள். இரும்பு கிரில் அறுக்கவும், டைல்ஸ் வெட்டவும், சுவரில் ஒயர் பைப்புக்குக் காடி போடவும், ஆபத்தின் உச்சமாகப் பல் வைத்த பிளேடு மாட்டி மரம் அறுக்கவும் இதுவே. அடுத்த முறை ஒரு வேலையிடத்தைக் கடக்கும்போது கவனித்தால், டிஸ்க்கைச் சுற்றி இருக்க வேண்டிய கார்டு பெரும்பாலும் இருக்காது. கழற்றியதற்குக் காரணம், நான்கு அங்குல டிஸ்க் எட்டாத ஆழத்துக்குப் பெரிய டிஸ்க் மாட்டுவதுதான். கணக்கைப் பாருங்கள். ஏஜி ஃபோர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். அதற்குரிய 100 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு அப்போது விநாடிக்கு 58 மீட்டர் வேகத்தில் போகும். வழக்கமான கட்டிங் டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் 80 மீட்டர். அதே மெஷினில் ஏழு அங்குல டிஸ்க்கை மாட்டினால் விளிம்பு வேகம் 104 மீட்டரைத் தொடுகிறது. டிஸ்க்கைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அது தாங்கும்படி செய்யப்பட்ட அளவைவிட சுமார் 70 விழுக்காடு அதிகம். ஏழு அங்குல மெஷின் 8,500 சுற்று மட்டும் சுற்றும்படி வடிவமைத்தது இதனால்தான். அந்த டிஸ்க் உடைந்தால் துண்டுகள் போகும் திசையில் தடுக்க எதுவும் இல்லை, கார்டு கடை ரேக்கிலோ மேஸ்திரியின் பையிலோ கிடக்கிறது. திரும்பி வரும் மெஷினில் கார்டு இல்லையென்றால் ஒரு நாள் வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் கடைக்காரர், எந்த ஆய்வாளரையும்விட அதிகமான கண்களைக் காப்பாற்றுவார்.

மின்சாரம் நான்காவது ஆபத்து. வேலையிடத்தில் மின்சாரம் எடுக்கும் முறை நமக்கெல்லாம் தெரியும். பிளக் உடைந்துபோன ஒயரின் இரண்டு முனைகளைச் சாக்கெட்டில் சொருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியை இடுக்கியிருப்பார்கள். அங்கிருந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர் ஈரத் தரையில் கிடக்கும். இதில் ஒரு முரண் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். தூசி எழாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வெட்டுவதே நல்லது. 230 வோல்ட் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதோ ஷாக்குக்கு அழைப்பு. கட்டிங் மெஷின்களில் பல இரட்டை இன்சுலேஷன் உள்ளவை, எர்த் ஒயரே கிடையாது. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. பிரிட்டனில் கட்டட வேலைக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, நிலத்தோடு ஒப்பிட்டால் 55 வோல்ட் மட்டுமே வரும்படி செய்கிறார்கள். அங்குள்ள வாடகைக் கடைகள் அந்த மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்கேற்ற மெஷின்களையும் சேர்த்தே வாடகைக்கு விடுகின்றன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வைத்த ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை ஒவ்வொரு மெஷினோடும் கட்டாயமாகக் கொடுத்தாலே தீக்குச்சிக்கும் வேலை இல்லை, தண்ணீருக்குப் பயமும் பெருமளவு குறையும். பேட்டரி மெஷின்கள் பரவினால் சின்ன வேலைகளில் இந்தச் சிக்கலே தீரும். அவற்றின் விலை கூடுதல் என்பதால், அவையும் முதலில் வாடகைக் கடை வழியாகப் பரவுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் அரசும் சட்டமும் இருக்கிறதே என்று சொல்பவர்கள், சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், பத்து லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் சொந்த வீட்டு வேலைகளையும் தொடவில்லை. இப்போது அதன் இடத்துக்குத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்திருந்தாலும் சின்ன வீட்டு வேலை வெளியே நிற்பது மாறவில்லை. சிலிக்கோசிஸ் தொழிற்சாலைச் சட்டத்தின்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது, ஆனால் குளியலறை தொழிற்சாலை ஆகாது. மூன்று பேர் சேர்ந்து இரண்டு நாளில் முடிக்கும் உடைப்பு வேலைக்கு இந்த நாட்டில் பாதுகாப்பு விதி என்று கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் வாடகைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 150-ஆம் பிரிவு. இலவசமாக இரவல் கொடுப்பவர் தமக்குத் தெரிந்த குறையை மறைத்தால்தான் பொறுப்பு. வாடகைக்குக் கொடுப்பவர் அப்படித் தப்ப முடியாது. கொடுத்த பொருளில் குறை இருந்து அதனால் எடுத்தவருக்குச் சேதம் ஏற்பட்டால், அந்தக் குறை தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் வாடகைக்கு விட்டவரே பொறுப்பு. ஒயர் பிய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்பது பதிலாகாது. "எடுத்தவர் எப்படிப் பயன்படுத்தினால் எனக்கென்ன" என்ற எதிர்வாதம் இங்கே பாதிதான் செல்லும். பெரிய டிஸ்க்கை மாட்டியது எடுத்தவரின் தவறு, கார்டு இல்லாமலே கொடுத்தது கடையின் தவறு. இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு தாள் வேண்டும். எந்த நிலையில் மெஷின் போனது, எந்த நிலையில் வந்தது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள். இன்று நோட்டில் இருப்பது பெயரும் தொகையும் மட்டுமே. அந்தத் தாள் எடுப்பவரைப் போலவே கடைக்காரரையும் காக்கும். மெஷினைப் பிடித்த மூன்றாம் ஆள் அந்த ஒப்பந்தத்தில் இல்லையே என்று ஒரு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்வி, இழப்பீட்டுக்கு அவர் வேறு வழியில் போராட வேண்டியிருக்கும். ஆனாலும் ஒயர் பிய்ந்த மெஷின் கடையை விட்டு வெளியே போகாது என்றால் அவருக்கு அந்தப் போராட்டமே வராது.

செலவு ஏறுமே என்பது கடைக்காரர்களின் முதல் மறுப்பாக இருக்கும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆர்சிசிபி வைத்த பெட்டிக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்து, அது 200 வாடகைக்குத் தாங்கினால் ஒரு வாடகைக்குப் பத்து ரூபாய். கார்டுக்கு அதுவும் இல்லை, மெஷினோடு வந்ததைத் தொலைக்காமல் இருந்தாலே போதும். தூசி மூடியும் வேக்குவமும்தான் உண்மையில் கனமான செலவு. அதை முன்னிட்டுக் கடையின் வாடகை கூடினால் மேஸ்திரி அடுத்த கடைக்குப் போவார் என்பதும் உண்மை. தனிக் கடையின் நல்லெண்ணம் இங்கே தோற்கும். ஒரு ஊரின் கடைகள் சேர்ந்து முடிவெடுத்தால்தான் நிற்கும், அல்லது அரசு செலவைப் பகிர வேண்டும். இணையத்தில் மலிவு மெஷின் குவிகிறது, இனி யார் வாடகைக்கு எடுக்கப்போகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. சின்ன மெஷினைப் பொறுத்தவரை அதுவே நடக்கும், ஏஜி ஃபோரில் பாதி ஏற்கெனவே கடையின் கையைவிட்டுப் போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அங்கே இந்த வாதம் பலவீனமானதுதான். ஆனால் கையைக் கெடுக்கும் பிரேக்கரும் தூசியைக் கிளப்பும் பெரிய கட்டரும் மலிவாகும் வரை, கவுன்ட்டருக்குப் பலம் இருக்கிறது.

அரசு செலவைப் பகிர்வது புதிய யோசனை ஒன்றும் அல்ல. விவசாயத்துக்கு இதை ஏற்கெனவே செய்கிறார்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வாடகை மையம் தொடங்க மானியம் உண்டு. தமிழ்நாடு வேளாண் பொறியியல் துறை இ-வாடகை செயலி மூலம் டிராக்டரையும் மற்றவற்றையும் மணி வாடகைக்கு விடுகிறது. நெல் அறுக்கும் மெஷினுக்குக் கிடைத்த கவனம் கான்கிரீட் உடைக்கும் மெஷினுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க எல்லா நியாயமும் இருக்கிறது. பணமும் இல்லாமல் இல்லை. கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டை நல வரியாக வாங்கி நல வாரியத்துக்கு வைத்திருக்கிறோம். அதிலிருந்து விபத்து நிவாரணமும் ஈமச்சடங்கு உதவியும் போகின்றன, அவை வேண்டியவைதான். அதில் ஒரு சிறு பங்கு, ஆர்சிசிபி பெட்டியும் தூசி மூடியும் வைத்திருக்கும் கடைகளுக்கு மானியமாகப் போனால், வாரியம் நிவாரணக் காசோலை எழுத வேண்டிய வேலை கொஞ்சம் குறையும். இதற்கு ஒரு நிபந்தனை மட்டும் தேவை. மெஷின் திரும்பி வந்தவுடன் ஒயரை இழுத்துப் பார்த்து, பின் மூடியைத் திருகிக் கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று நோக்கி, கார்டை எண்ணி வைத்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். நல்ல கடைக்காரர்கள் இதை இப்போதே இரவு எட்டு மணிக்குக் கடை அடைக்கும் முன் செய்கிறார்கள், எழுதி வைப்பதில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. மெஷினைப் பிடிப்பவர் கவுன்ட்டருக்கு வருவதே இல்லை, வந்தாலும் தமிழ் தெரியாது, கடைக்காரர் என்ன சொல்லி என்ன பயன்? இதற்குச் சுலபமான பதில் இல்லை. கண்ணாடி போடுங்கள், மாஸ்க் போடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்வது மேஸ்திரியோடு நின்றுவிடும். ஆகவே சொல்லால் செய்வதைக் குறைத்து, மெஷினிலேயே செய்து அனுப்ப வேண்டும். பிரிட்டனில் வாடகை மெஷின்களில் அதிர்வு அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி ஒட்டும் வழக்கம் உண்டு. இங்கே அதோடு ஒரு கடிகாரப் படமும், ஆள் மாற வேண்டிய நேரமும் சேர்ந்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். கையால் திருகிக் கழற்ற முடியாதபடி கார்டை போல்ட் போட்டு முறுக்கலாம். பிளக்கை வெட்டியெறிய முடியாதபடி ஆர்சிசிபி பெட்டியை ஒயரின் நுனியோடு வார்த்துவிடலாம். இரண்டும் ஒரு வெல்டரும் எலெக்ட்ரீஷியனும் ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை. பெட்டியை வெட்டி எடுத்து வந்தவருக்கு அடுத்த முறை மெஷின் கிடையாது என்று நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதி வைக்கவும் அதே கடைக்காரரால் முடியும். பாக்கி வைத்தவர்களுக்கு அவர் இன்றும் அதைத்தான் செய்கிறார்.